ஏர் எடுத்த பிறகும் பிரேக் பெடல் பாதிக்கு மேல் இறங்குகிறது (2002 சான்ட்ரோ)

உறையூர்2002

வணக்கம். வண்டி 2002 மாடல் சான்ட்ரோ, அப்பா புதிதாக வாங்கியது, இப்போது என் கையில் இருக்கிறது. ஏபிஎஸ் கிடையாது, முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பின் இடது டயரின் உள்பக்கம் ஈரமாக இருந்ததைப் பார்த்து இங்கே திருச்சியில் ஒரு பட்டறையில் விட்டேன். வீல் சிலிண்டர் (பிரேக் ஷூவை டிரம் மேல் தள்ளுகிற பாகம்) கசிகிறது என்று சொல்லி இரண்டு பின் வீலுக்கும் புது சிலிண்டர், புது பிரேக் ஷூ போட்டார்கள், டிரம்மில் வரி விழுந்திருந்ததால் லேத்தில் கொடுத்து லேசாகக் கடைந்து மாட்டினார்கள், பிரேக் ஆயில் ஊற்றி நான்கு வீலிலும் ஏர் எடுத்து, அதாவது லைனில் தங்கிய காற்றை வெளியேற்றி, கொடுத்தார்கள்.

அன்றைக்கே வீட்டுக்கு வரும்போது பெடல் சரியில்லை என்று தெரிந்துவிட்டது. முதல் மிதிக்குப் பாதிக்கு மேல் இறங்கித்தான் பிடிக்கிறது. உடனே விட்டு இன்னொரு முறை மிதித்தால் மேலேயே நிற்கிறது. கொஞ்ச நேரம் விட்டுவிட்டு மிதித்தால் மறுபடி பழைய கதை. திரும்பக் கொண்டுபோனேன், இன்னொரு முறை ஏர் எடுத்தார்கள், மாற்றம் இல்லை. இப்போது அந்தப் பட்டறையில் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் ஆயிலை வீல்களுக்குத் தள்ளுகிற பாகம்) போய்விட்டது என்கிறார்கள். வேறொரு இடத்தில் கேட்டால் பூஸ்டர் என்கிறார்கள். எங்கேயும் கசிவு இல்லை, பிரேக் ஆயில் டப்பாவில் அளவும் குறையவில்லை.

ஆடிப்பெருக்குக்குக் குடும்பத்தோடு கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போவது வழக்கம். இந்த பிரேக்கை வைத்துக்கொண்டு அந்த மலையை இறங்க எனக்கு மனசு வரவில்லை. ஒவ்வொருவர் சொல்வதையும் கேட்டு ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே போகாமல், எது கோளாறு என்று வீட்டிலேயே பார்த்துத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

காவிரிக்கரை

என் பழைய வண்டியிலும் இதே மாதிரி வந்தது நண்பரே. ரொம்ப அலைந்து கடைசியில் மாஸ்டர் சிலிண்டரை மாற்றியதும் சரியானது. இருபது வருஷத்துக்கு மேல் ஓடிய வண்டி, உள்ளே ரப்பர் எல்லாம் தேய்ந்துதான் இருக்கும். ரப்பர் மட்டும் மாற்றுகிற கிட் போடாதீர்கள், முழு அசெம்பிளியாகவே மாற்றிவிடுங்கள்.

மதுரை பட்டறைக்காரன்

தம்பி, இப்போதைக்கு மாஸ்டரும் வேண்டாம், பூஸ்டரும் வேண்டாம். முதலில் பெடல் எப்படி இறங்குகிறது என்று காலால் பார்த்துச் சொல்லுங்கள். "பெடல் மெத்தென்று இருக்கிறது" என்று வண்டி கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள், ஆனால் அதற்குள் மூன்று வேறு வேறு கோளாறுகள் இருக்கின்றன, மூன்றுக்கும் வைத்தியம் வேறு. அதைப் பிரிக்காமல் ஏர் எடுத்துக்கொண்டே இருந்தால் ஆயில்தான் தீரும்.

பூஸ்டரை முதலில் ஒதுக்கிவிடலாம். பூஸ்டர் கெட்டால் பெடல் இறுகும், இறங்காது. அது எஞ்சின் வாக்குவத்தை வைத்து உங்கள் கால் பலத்தைக் கூட்டிக் கொடுக்கிற சாமான், அவ்வளவுதான். சோதிக்க வேண்டுமென்றால் எஞ்சினை அணைத்துவிட்டு பெடல் இறுகும் வரை சில முறை மிதியுங்கள், உள்ளே இருந்த வாக்குவம் தீர்ந்துவிடும். காலை அப்படியே அழுத்தி வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே தானாக இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இந்த இறக்கம் நல்ல வண்டியிலும் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மற்ற எல்லாச் சோதனையையும் எஞ்சின் ஓடாமல், இப்படி வாக்குவத்தைத் தீர்த்துவிட்டுச் செய்யுங்கள். அப்போதுதான் ஆயில் போகிற லைனில் என்ன நடக்கிறது என்று காலுக்கு நேராகத் தெரியும்.

முதல் வகை, பெடல் கீழே நழுவுவது. மிதித்துப் பிடித்துக்கொண்டால் பெடல் ஒரு இடத்தில் நிற்காமல் மெல்ல மெல்லத் தரையை நோக்கிப் போகும். வெளியே கசிவு இல்லாமல் இப்படி இறங்கினால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளே இருக்கிற ரப்பர் கப் ஆயிலைப் பிடித்து வைக்க முடியாமல் பின்னால் விடுகிறது என்று அர்த்தம். போன ஆயில் திரும்ப டப்பாவுக்கே போய்விடுவதால் அளவு குறையாது, அதனால்தான் பலருக்கு இது பிடிபடுவதில்லை. இதைச் சோதிக்கும்போது ஓங்கி மிதிக்கக் கூடாது. அழுத்தம் அதிகமானால் கப்பின் உதடு விரிந்து சிலிண்டர் சுவரில் ஒட்டிக்கொள்ளும், பெடல் நின்றுவிடும், மாஸ்டர் நன்றாக இருப்பது போலத் தெரியும். சிக்னலில் நிற்கும்போது எவ்வளவு மெதுவாக மிதித்திருப்போமோ அந்த அளவுக்கு மிதித்து ஒரு நிமிஷம் வையுங்கள்.

இரண்டாவது, பஞ்சு மாதிரி அமுங்குவது. இறங்காது, ஒரு இடத்தில் நிற்கும், ஆனால் இன்னும் அழுத்தினால் இன்னும் கொஞ்சம் போகும், விட்டால் காலைத் தள்ளும். இது லைனில் காற்று, அல்லது பழைய ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் உப்புவது. முன் டிஸ்க்கைப் பேட் வைத்துப் பிடிக்கிற கேலிப்பர் நகரும் ஊசி (pin) இறுகிப் போய் பேட் சாய்வாகத் தேய்ந்திருந்தாலும் கிட்டத்தட்ட இதே உணர்வு வரும்.

மூன்றாவது, பெடல் நிறைய கீழே போய், ஆனால் போன இடத்தில் உறுதியாக நிற்பது. இங்கே காற்றும் இல்லை, மாஸ்டரும் நன்றாகத்தான் இருக்கும். ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையில் இடைவெளி அதிகம். மாஸ்டர் ஒரு மிதிக்குத் தள்ளுகிற ஆயில் மிகக் கொஞ்சம், அது முழுவதும் ஷூவை டிரம் வரை கொண்டுபோகவே செலவாகிவிட்டால் பிடிப்பதற்கு மிச்சம் என்ன இருக்கும்?

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் குழப்பம் வரும், ஏனென்றால் இரண்டிலுமே பம்ப் செய்தால் பெடல் மேலே வந்துவிடும். வித்தியாசம் மேலே வந்த பிறகு தெரியும். இடைவெளிதான் காரணம் என்றால் பம்ப் செய்த பிறகு பெடல் கெட்டியாக நிற்கும். காற்று என்றால் மேலே வந்தும் அமுங்கும்.

இன்னொரு எளிய சோதனை, இதை அவசியம் செய்யுங்கள். வீலுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டு ஹேண்ட்பிரேக்கை சில பல் இழுத்து வைத்து பெடலை மிதித்துப் பாருங்கள். ஹேண்ட்பிரேக் பின் ஷூவை முன்கூட்டியே டிரம் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். அப்போது பெடல் தெளிவாக மேலே வந்தால் கோளாறு பின்னால்தான் இருக்கிறது.

டிரம்மைக் கடைந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதைப் படித்ததும் எனக்குச் சந்தேகம் அந்தப் பக்கம்தான் போகிறது. கடைந்தால் உள்விட்டம் கூடும், இடைவெளியும் கூடும். புது ஷூ போட்டாலும் அட்ஜஸ்டரைத் திருகி இடைவெளியைக் குறைக்காமல் மாட்டினால் இப்படித்தான் ஆகும். சோதித்துவிட்டு எழுதுங்கள். அதுவரை வண்டியை எடுக்காதீர்கள். பக்கத்துக் கடைக்குப் போகவும் எடுக்காதீர்கள்.

காவிரிக்கரை சொல்வதைத் தப்பென்று சொல்லவில்லை. பழைய வண்டியில் ஏர் எடுக்கிறேன் என்று பெடலைத் தரை வரை ஓங்கி ஓங்கி மிதிப்பதாலேயே நல்ல மாஸ்டர் போய்விடுவது உண்டு. மாஸ்டரின் பிஸ்டன் தினமும் ஓடுகிற தூரம் வரை சுவர் வழவழப்பாக இருக்கும். அதற்கு அப்பால் வருஷக்கணக்கில் யாரும் தொடாத இடத்தில் துருவும் படிவும் இருக்கும். தரை வரை மிதித்தால் ரப்பர் கப் அந்த இடத்தில் உரசிக் கிழிகிறது. பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வைத்துவிட்டு மிதித்தால் இந்த ஆபத்து இல்லை. இதை எத்தனை பட்டறையில் செய்கிறார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பைசா செலவில்லாத வேலை.

கோவை_கேரேஜ்

பட்டறைக்காரன் அண்ணா சொன்னதோடு ஏர் எடுக்கும் முறை பற்றிச் சிலது சேர்க்கிறேன். நான் மெக்கானிக் இல்லை, என் வண்டி, கணவர் வண்டி இரண்டுக்கும் பிரேக் வேலையை வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறேன்.

எந்த வீலில் ஆரம்பிப்பது என்பதற்கு "தூரமான வீல் முதலில்" என்று எல்லோரும் சொல்வார்கள். பின் வீல் இரண்டும் ஒரு லைன், முன் வீல் இரண்டும் ஒரு லைன் என்று பிரிந்த வண்டிக்கு அது சரி. முன்சக்கர இழுவை வண்டிகளில் பெரும்பாலும் லைன் குறுக்காகப் பிரிந்திருக்கும், அதாவது ஒரு பின் வீலும் அதற்கு எதிர்மூலை முன் வீலும் ஒரே லைனில் இருக்கும். அந்த வண்டியில் அந்த ஜோடியை முடித்துவிட்டுத்தான் அடுத்த ஜோடிக்குப் போக வேண்டும். உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் என்ன வரிசை போட்டிருக்கிறது என்று பார்த்து அதன்படி செய்யுங்கள்.

துணைக்கு ஆள் இல்லையென்றால் நான் செய்வது இது. வீலில் காற்றை வெளியே விடுகிற சிறு திருகான நிப்பிளில் ஒளி ஊடுருவும் ட்யூப் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் மூழ்கும்படி விட்டு, நிப்பிளைத் தளர்த்திவிட்டு அப்படியே விட்டுவிடுவேன். மேலே இருக்கிற ஆயில் தன் எடையிலேயே மெதுவாகச் சொட்டிக்கொண்டு வரும், காற்றும் கூடவே வரும். நேரம் எடுக்கும், ஆனால் யாரும் பெடலை மிதிக்காததால் மாஸ்டருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. டப்பாவில் மட்டும் அளவு கீழ்க்கோட்டுக்கு இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு முறை டப்பா காலியாகி மேலிருந்து காற்று போய்விட்டால் எல்லாம் முதலிலிருந்து.

முன் கேலிப்பரில் நிப்பிள் மேல்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். கேலிப்பரைக் கழற்றி மாட்டும்போது இடது வலது மாறிவிட்டால் நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துவிடும், காற்று மேலே தங்கிவிடும், எவ்வளவு ஆயில் ஊற்றினாலும் வெளியே வராது. உங்கள் வண்டியில் முன் கேலிப்பரைக் கழற்றியதாக நீங்கள் எழுதவில்லை, இருந்தாலும் பார்ப்பதற்கு அரை நிமிஷம்தான்.

கடைசியாக ஒன்று, இதில் நான் ரொம்பக் கண்டிப்பு. வீல் சிலிண்டரையோ கப்பையோ பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதிலும் கழுவ விடாதீர்கள். பிரேக் ரப்பர் கிளைக்கால் (glycol) என்ற ரசாயன வகை ஆயிலுக்கென்று செய்தது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊறி உப்பிவிடும், அப்புறம் பிரேக் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் அல்லது கசியும். டப்பாவில் யாராவது தெரியாமல் பவர் ஸ்டீரிங் ஆயிலையோ எஞ்சின் ஆயிலையோ ஊற்றிவிட்டால் லைனில் இருக்கிற எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டியதுதான். கழுவ பிரேக் கிளீனர் இருக்கிறது, இல்லையென்றால் புது பிரேக் ஆயிலாலேயே கழுவலாம். பெயிண்டில் சிந்தினால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயிண்டைத் தின்றுவிடும்.

உறையூர்2002

எல்லோருக்கும் நன்றி. எல்லாச் சோதனையும் செய்தேன், தம்பி பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டான்.

எஞ்சின் அணைத்து, பம்ப் செய்து, லேசாக மிதித்துப் பிடித்தேன். பெடல் நின்ற இடத்தில் நின்றது, நழுவவில்லை. காலை வைத்தபடி ஸ்டார்ட் செய்தால் கொஞ்சம் இறங்குகிறது. அப்படியென்றால் பூஸ்டர் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைத்து மிதித்ததும் முதல் மிதியிலேயே பெடல் நன்றாக மேலே வந்துவிட்டது. வித்தியாசம் பெரிதாகவே இருந்தது. ஆனால் மேலே வந்த பிறகும் முழுக்கக் கெட்டியாக இல்லை, அழுத்தினால் கொஞ்சம் உள்ளே போகிறது. ஹேண்ட்பிரேக்கும் முன்பைவிட ரொம்ப மேலே வந்துதான் பிடிக்கிறது, அதை இப்போதுதான் கவனித்தேன்.

கேலிப்பர் நிப்பிள் இரண்டும் மேல்பக்கம்தான் இருக்கின்றன. கோவை அக்கா சொன்ன மாதிரி மெதுவாகச் சொட்டவிட்டு ஏர் எடுக்கலாமா, அல்லது முதலில் பின் டிரம்மைத் திறக்கலாமா?

மதுரை பட்டறைக்காரன்

டிரம்மை முதலில் திறங்கள். இடைவெளி சரியாகாமல் எந்த முறையில் ஏர் எடுத்தாலும் பெடலை நம்பி ஒரு முடிவுக்கு வர முடியாது. உங்களுக்கு இரண்டு கோளாறு சேர்ந்து இருக்கிறது. பெரியது பின்னால், ஹேண்ட்பிரேக் சோதனை அதைக் காட்டிவிட்டது. மிச்சம் இருக்கிற அந்தக் கொஞ்சம் அமுங்கல் காற்றாகவோ ஹோஸாகவோ இருக்கும், அதை அப்புறம் பார்க்கலாம்.

டிரம் திறந்ததும் அட்ஜஸ்டரைப் பாருங்கள். இரண்டு ஷூவுக்கும் நடுவில் ஒரு கம்பி, அதில் பல் போட்ட சிறு சக்கரம் ஒன்று, அதைத் தள்ளிவிட ஒரு சின்ன நெம்பு. ஷூ தேயத் தேய அந்த நெம்பு ஒவ்வொரு பல்லாகத் தள்ளி கம்பியை நீளமாக்கிக்கொண்டே வரும். இப்படித் தானாகவே சரிசெய்துகொள்ளும் என்பதால்தான் சிலர் புது ஷூ போடும்போது அதைக் கையால் திருப்பாமல் விட்டுவிடுகிறார்கள், "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று. பல் அழுக்கேறி இறுகியிருந்தால் அது எத்தனை வருஷம் ஓடினாலும் சரியாகாது.

இன்னொன்றை முக்கியமாகப் பார்க்க வேண்டும். இந்த அட்ஜஸ்டர் இடது வீலுக்கு ஒன்று, வலது வீலுக்கு ஒன்று. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மரை மட்டும் எதிரெதிர்த் திசையில் இருக்கும். இரண்டு டிரம்மையும் ஒரே நேரத்தில் திறந்துபோட்டு, சாமான்களை ஒரே தட்டில் கொட்டிக் கழுவி மாட்டினால் பக்கம் மாறிவிடும். மாறினால் என்ன ஆகும்? நெம்பு தள்ளத் தள்ள கம்பி நீளமாகாமல் குட்டையாகும். இடைவெளி நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும். கழற்றி எடுத்து சுத்தம் செய்து மாட்டியவருக்குக்கூட ஏன் என்று புரியாது, எல்லாம் புதிதாகத்தானே இருக்கிறது என்பார். அதனால் ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டுத்தான் மறுபக்கத்தைத் திறக்க வேண்டும். மறுபக்கம் அப்படியே இருந்தால் அதுவே பார்த்து மாட்ட வழிகாட்டி.

சரியாக மாட்டிய பிறகு, பல்சக்கரத்தை நீங்களே திருப்பி டிரம்மை உள்ளே தள்ளும்போது ஷூ மெல்ல உரசும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஹேண்ட்பிரேக் முழுக்க இறக்கியிருக்க வேண்டும். ஹேண்ட்பிரேக் கேபிளை இழுத்துக் கட்டி இடைவெளியைச் சரிசெய்கிற வேலையை அனுமதிக்காதீர்கள். பெடல் உயர்ந்துவிடும், பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஷூ தன் இடத்துக்குத் திரும்ப முடியாமல் அட்ஜஸ்டர் வேலையே செய்யாது, டிரம்மும் சூடாகும். கேபிள் எப்போதும் கடைசியில்தான்.

டிரம்மில் அதிகபட்ச அளவு பொறித்திருக்கும். லேத்தில் கடைந்தது அந்த அளவைத் தாண்டியிருந்தால் டிரம்மையே மாற்ற வேண்டும், அங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது. டிரம்முக்குள் இருக்கிற தூசியைக் காற்றடித்து ஊதவும் வேண்டாம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், அது நுரையீரலுக்கு விஷம். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

அது முடிந்து ஏர் எடுத்த பிறகும் அமுங்கினால் ஹோஸைப் பார்க்கலாம். நான்கு ரப்பர் ஹோஸையும் வழவழப்பான வாய் உள்ள ஹோஸ் கிளாம்ப் போட்டு அடைத்துவிட்டு மிதித்தால் பெடல் உச்சியில் கெட்டியாக நிற்க வேண்டும். நின்றால் மாஸ்டரும் இரும்பு லைனும் நன்றாக இருக்கின்றன. அப்புறம் ஒவ்வொரு கிளாம்ப்பாக எடுத்து மிதியுங்கள், எந்த வீலைத் திறக்கும்போது பெடல் விழுகிறதோ அங்கே கோளாறு. பல் வைத்த பிளையரால் பிடிக்காதீர்கள், ஹோஸ் உள்ளே கிழிந்துவிடும். 2002இல் வந்த அதே ஹோஸ் என்றால் கிளாம்ப் போட்டாலே விரிசல் விடலாம். எப்படியும் மாற்றப் போகிற ஹோஸில் மட்டும் போட்டுப் பாருங்கள்.

நாமக்கல்_மலைரோடு

கொல்லிமலை என்று பார்த்ததும் எழுதத் தோன்றியது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவு. ஏறுவது எஞ்சினுக்குச் சோதனை, இறங்குவது பிரேக்குக்கு. அந்த ரோட்டில் வாடகை வண்டி ஓட்டுகிறேன், மேலிருந்து பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்கி வந்து பாதியில் ஓரம்கட்டி நிற்கிற வண்டிகளை அடிக்கடி பார்க்கிறேன். வீல் பக்கத்தில் போனாலே தீய்ந்த வாசனை வரும். கேட்டால் "காலையில் நன்றாகத்தான் இருந்தது, திடீரென்று பெடல் உள்ளே போய்விட்டது" என்பார்கள். அரை மணி நேரம் ஆறவிட்டால் பெடல் தானாகத் திரும்ப வந்துவிடும். அதனால் கோளாறே இல்லை என்று நினைத்து மறுபடி கிளம்புவார்கள், அதுதான் பயம்.

அங்கே நடப்பது ஆயில் கொதிப்பது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளது, மூடி வைத்த லைனிலும் ரப்பர் ஹோஸ் வழியாக மெல்ல ஈரம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். டாட் (DOT) என்பது பிரேக் ஆயிலின் தர வகை. புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரக்கணக்கு. அதே ஆயிலில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 140க்கு இறங்கிவிடும். டாட் 4 என்றால் புதிதில் 230, ஈரம் சேர்ந்தால் 155. கேலிப்பருக்குள்ளே ஆயில் கொதித்து ஆவியானால் அது காற்று மாதிரியே அமுங்கும், பெடல் உள்ளே போகும். ஆறினால் ஆவி திரும்ப ஆயிலாகிவிடும், பெடலும் வந்துவிடும். வாசனை மட்டும் வந்து, பெடல் மேலே கெட்டியாகவே இருந்து, வண்டி நிற்காமல் போனால் அது வேறு, பேட் சூடாகி பிடிப்பை இழப்பது. இரண்டுக்குமே உடனே செய்ய வேண்டியது வண்டியை நிறுத்தி ஆறவிடுவதுதான். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

அதனால் பழைய ஆயிலோடு புது ஆயிலை மேலே ஊற்றி ஏர் எடுத்தது போதாது. நான்கு வீலிலும் பழையது முழுக்க வெளியேறிப் புதிது வரும் வரை விடுங்கள். டாட் 3 கேட்கிற வண்டியில் டாட் 4 ஊற்றலாம், இரண்டும் கலக்கும். டாட் 5 என்று போட்ட சிலிக்கான் ஆயிலை மட்டும் ஊற்றக் கூடாது, அது இதோடு கலக்காது. 5.1 என்பது வேறு, அது கிளைக்கால்தான், பெயரைப் பார்த்துக் குழம்பாதீர்கள். பாதி மீந்து பல மாதம் ஷெல்ஃபில் இருந்த டப்பாவை யாராவது எடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நிறம் தெளிவாக இருக்கிறது என்று ஆயிலை நல்லது என்று முடிவு செய்யவும் முடியாது, ஈரம் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவதுதான் நல்லது.

இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பெரும்பாலும் இரண்டாவது, சில வளைவில் முதல். எஞ்சின் சத்தம் போடும், போடட்டும். பிரேக்கை விட்டு விட்டு அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு காலை முழுக்க எடுத்துவிடுங்கள், லேசாக வைத்துத் தேய்த்துக்கொண்டே வருவதுதான் சூட்டை ஏற்றும். நியூட்ரலில் போட்டு எஞ்சினை அணைத்து இறங்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அணைத்த எஞ்சினில் பூஸ்டருக்கு வாக்குவம் கிடையாது, சில மிதிகளுக்குப் பிறகு பெடல் இறுகிவிடும், அந்த வளைவுகளில் அப்படி இறங்குவது உயிரோடு விளையாடுவது.

உறையூர்2002

வண்டியை எடுக்காமல், தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவரை வீட்டுக்கே வரவழைத்துத் திறந்து பார்த்தோம். பட்டறைக்காரன் அண்ணா சொன்னதுதான் அப்படியே. அட்ஜஸ்டர் இரண்டும் பக்கம் மாறி இருந்தது. இடது பக்கம் பல்சக்கரம் முழுக்க உள்ளே சுற்றிக்கொண்டு கம்பி மிகக் குட்டையாக இருந்தது, ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையில் கண்ணுக்கே தெரியும் அளவுக்கு இடைவெளி. டிரம் அளவு வரம்புக்குள்தான் இருக்கிறது, அளந்து பார்த்தார்.

மாற்றி மாட்டி, கையால் திருப்பி வைத்து, டிரம் போட்டதும் ஏர் எடுக்கும் முன்பே பெடல் பாதிக்கு மேல் வந்துவிட்டது. அப்புறம் புது டாட் 4 வாங்கி நான்கு வீலிலும் பழையது போகும் வரை சொட்டவிட்டோம். பின் வலது வீலில் வந்த ஆயில் காப்பி நிறத்தில் இருந்தது, அந்த வீலில் ஆயில் ஒழுங்காக மாறவே இல்லை போலிருக்கிறது. கொஞ்சம் குமிழியும் வந்தது.

இப்போது பெடல் மேலேயே பிடிக்கிறது. ஆனால் ஓங்கி மிதித்தால் இன்னும் கொஞ்சம் அமுங்குகிறது. தம்பியை மிதிக்கச் சொல்லிவிட்டு முன் வீலைத் திருப்பி வைத்துக் கையால் தொட்டுப் பார்த்தேன், முன் வலது ஹோஸ் மிதிக்கும்போது பருத்துச் சுருங்குவது விரலுக்கே தெரிகிறது. வெளியே பொடிப்பொடியாக வெடிப்பும் இருக்கிறது. கிளாம்ப் போட்டுப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை என்று நினைக்கிறேன். அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா?

காவிரிக்கரை

மாஸ்டர் செலவு மிச்சம், நல்லதாகப் போயிற்று. பக்கம் மாறினால் இப்படி ஆகும் என்பது எனக்குப் புது விஷயம்.

கோவை_கேரேஜ்

ஒன்று போய்விட்டது என்றால் மற்றவையும் அதே வயதுதான். நான்கையும் மாற்றுங்கள். ஹோஸ் உள்ளே சதை பெயர்ந்து ஒரு வழி வால்வு போல் அடைத்துக்கொள்வதும் உண்டு, அப்போது மிதித்தால் பிடிக்கும், விட்டால் விடாது, வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

மதுரை பட்டறைக்காரன்

நான்கும் மாற்றுங்கள், அக்கா சொன்னது சரி. கேலிப்பர் பக்கம் ஹோஸ் முனைக்கு இருபுறமும் காப்பர் வாஷர் வரும், அதுவும் புதிதாகப் போட வேண்டும், பழையதையே திருப்பிப் போட விடாதீர்கள், கசியும். ஹோஸ் மாட்டும்போது முறுக்கு விழாமல் இருக்கிறதா, ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்தால் டயரிலோ சஸ்பென்ஷனிலோ உரசாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரும்பு லைன் நட்டைத் திருக சாதாரண ஸ்பேனர் வேண்டாம், துருப்பிடித்த நட்டின் மூலை மழுங்கிவிடும், லைனுக்கென்று இருக்கிற வாய் சிறுத்த ரிங் ஸ்பேனர் கேளுங்கள். முந்தைய நாளே துரு நீக்கும் ஆயிலை நட்டில் மட்டும் அடித்து ஊறவிடலாம், ஹோஸைக் கழற்றும் முன் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள்.

முடித்ததும் எஞ்சினை ஓடவிட்டு பெடலை முழு பலத்தோடு மிதித்துப் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை நான்கு வீலின் உள்பக்கமும் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரம் இல்லையென்றால் தெருவில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பாருங்கள். புது ஷூ டிரம்மோடு படிய சில நாள் ஊருக்குள் ஓட வேண்டும், அந்த நாட்களில் டப்பாவின் அளவைத் தினமும் பாருங்கள். மலைக்கு அதற்குப் பிறகு கிளம்புங்கள்.